மாறுநிலைப் புள்ளிகளை எண்ணி ஒரு பரப்பின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பரப்பின் மேல் ஏதாவது ஒரு வழுவழுப்பான சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஏற்ற இறக்கம் எந்தெந்தப் புள்ளிகளில் நின்றுபோகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எத்தனை திசைகளில் சார்பு இறங்குகிறது என்று எண்ணுங்கள். கையில் இருப்பது நாலைந்து எண்கள் உள்ள ஒரு சின்னப் பட்டியல்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்தப் பரப்பில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லிவிடலாம்.

முதல் முறை கேட்கிறவர்களுக்கு இதை நம்புவது கடினம். வகைக்கெழு என்பது ஒரு புள்ளிக்கு மிக மிக அருகில் நடப்பதை மட்டும் சொல்லும். ஓட்டையோ, பரப்பு முழுவதையும் பார்த்தால்தான் தெரியும். அந்த இரண்டுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு இருப்பதை 1925-இல் வெளியான ஒரு கட்டுரையில் விரிவாக நிறுவிக் காட்டியவர் மார்ஸ்டன் மோர்ஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர். அதனால்தான் இந்தத் துறைக்கு மோர்ஸ் கோட்பாடு என்று பெயர். இடவியலுக்குள் (வளைத்தாலும் இழுத்தாலும் மாறாத வடிவப் பண்புகளை ஆராயும் கணிதத்துக்குள்) நுழைய விரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பள்ளியில் படித்த நுண்கணிதத்தை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம்.

தொடங்கும் முன்

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பெருமம், சிறுமம் நினைவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு மேல், இரண்டு மாறிகள் உள்ள சார்புக்குப் பகுதி வகைக்கெழு எடுக்கவும், 2×2 அணியின் அணிக்கோவையைக் கணக்கிடவும் தெரிந்தால் போதும். தேற்றங்களின் வாசகங்களிலிருந்து தொடங்காதீர்கள். கீழே வரும் எடுத்துக்காட்டுகளைப் பென்சில் எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள். அப்புறம் தேற்றத்தைப் படித்தால், ஏற்கெனவே தெரிந்த ஒன்றை யாரோ ஒழுங்காக எழுதிவைத்தது போல இருக்கும்.

வழுவழுப்பான சார்பு என்றால், எத்தனை தடவை வேண்டுமானாலும் வகையிடலாம். எங்கும் கூர்முனையோ முறிவோ கிடையாது. தனிமதிப்புச் சார்பு 0-இல் சிறுமத்தை அடைகிறதே என்று கேட்கலாம். அங்கே வகைக்கெழுவே இல்லை என்பதால் அது நம் கணக்கில் வராது.

முதல் படி: புள்ளிகளைக் கண்டுபிடியுங்கள்

ஒரு மாறி மட்டும் இருந்தால் வகைக்கெழு 0 ஆகும் இடம் மாறுநிலைப் புள்ளி. இரண்டு மாறிகள் இருந்தால் இரண்டு பகுதி வகைக்கெழுக்களும் ஒரே புள்ளியில் ஒருசேர 0 ஆக வேண்டும். ஒன்று மட்டும் 0 ஆனால் போதாது.

மாறிகளுக்கு க, ச என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தச் சார்பை எடுப்போம்:

(க² − 1)² + ச²

க-வைப் பொறுத்து வகையிட்டால் 4க(க² − 1). ச-வைப் பொறுத்து வகையிட்டால் 2ச. இரண்டும் 0 ஆக வேண்டுமென்றால் ச = 0; க-வின் மதிப்பு 0, 1, −1 ஆகிய மூன்றில் ஒன்று. ஆக மூன்று மாறுநிலைப் புள்ளிகள்: (−1, 0), (0, 0), (1, 0).

இங்கே ஒரு வேறுபாட்டை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மாறுநிலைப் புள்ளி வேறு, மாறுநிலை மதிப்பு வேறு. புள்ளி பரப்பின் மேல் இருக்கிறது. மதிப்பு என்பது அந்தப் புள்ளியில் சார்பு தருகிற எண். நம் எடுத்துக்காட்டில் புள்ளிகள் மூன்று, மதிப்புகள் இரண்டே: (−1, 0), (1, 0) இரண்டிலும் சார்பின் மதிப்பு 0, (0, 0)-இல் 1. மாணவர்கள் எழுதும் விடைகளில் இந்த இரண்டும் கலந்துபோவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாம் படி: இறங்கும் திசைகளை எண்ணுங்கள்

புள்ளி கிடைத்துவிட்டது. அது எப்படிப்பட்டது என்று பார்க்க இரண்டாம் வகைக்கெழுக்கள் வேண்டும். க-வை இருமுறை, ச-வை இருமுறை, இரண்டையும் ஒவ்வொரு முறை வகையிட்டுக் கிடைப்பவற்றை 2×2 அணியாக எழுதினால் அதுதான் ஹெஸ்ஸியன். லுட்விக் ஓட்டோ ஹெஸ்ஸ என்ற 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கணிதவியலாளரின் பெயர் அது.

நம் சார்புக்கு ஹெஸ்ஸியன் மூலைவிட்ட அணியாகவே வந்துவிடுகிறது. மூலைவிட்டத்தில் 12க² − 4, 2 ஆகிய இரண்டும், மற்ற இடங்களில் 0. க = ±1 என்றால் அவை 8, 2. இரண்டும் மிகை எண்கள், எந்தத் திசையில் நகர்ந்தாலும் சார்பு ஏறுகிறது. எனவே சிறுமம். க = 0 என்றால் அவை −4, 2. க திசையில் போனால் இறக்கம், ச திசையில் போனால் ஏற்றம். இது சேணப் புள்ளி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் இப்படிப்பட்ட இடம். வடக்கு தெற்காக, மலையிலிருந்து மலைக்குப் போகிறவருக்கு அது பாதையின் தாழ்ந்த பகுதி. கிழக்கு மேற்காகக் கடக்கிறவருக்கு அதுவே உயர்ந்த பகுதி.

ஹெஸ்ஸியன் மூலைவிட்ட அணியாக வராவிட்டால் அதன் ஐகன் மதிப்புகளைப் பாருங்கள், அதாவது அச்சுகளைத் தக்கபடி சுழற்றி அதை மூலைவிட்ட அணியாக்கினால் மூலைவிட்டத்தில் வரும் எண்களை. எத்தனை ஐகன் மதிப்புகள் குறை எண்களோ, அந்த எண்ணிக்கைக்கு இன்டெக்ஸ் என்று பெயர். இரண்டு மாறிகளில் சிறுமத்தின் இன்டெக்ஸ் 0, சேணத்தின் இன்டெக்ஸ் 1, பெருமத்தின் இன்டெக்ஸ் 2. அணிக்கோவை குறை எண்ணாக இருந்தால் உடனே சேணம் என்று எழுதிவிடலாம், ஐகன் மதிப்பு வரை போக வேண்டியதில்லை. அணிக்கோவை 0 ஆகிவிட்டால் அந்தப் புள்ளி சிதைந்தது. அதைத் தனியாக, பிறகு பார்ப்போம்.

பெருமம், சிறுமம், சேணம் என்ற பெயர்களோடு நிற்காமல் எதற்காக எண்ணுக்குப் போக வேண்டும்? மாறிகள் பெருகினால் பெயர்கள் போதாது. வேதியியலில் ஒரு மூலக்கூறின் ஆற்றலை அணுக்களின் இருப்பிடங்களைப் பொறுத்த சார்பாக எழுதுகிறார்கள். சின்ன மூலக்கூறுக்கே மாறிகள் பத்தைத் தாண்டிவிடும். அங்கே இன்டெக்ஸ் 0 உள்ள புள்ளி என்றால் நிலையான அமைப்பு. இன்டெக்ஸ் 1 உள்ள புள்ளி என்றால், ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு வினை கடந்து செல்லும் இடைநிலை. இன்டெக்ஸ் 2, 3 என்று மேலே போகும் புள்ளிகளும் உண்டு. எல்லாமே சேணம்தான், ஆனால் ஒரே மாதிரிச் சேணம் அல்ல.

இன்னொரு கேள்வியும் நியாயமாக எழும். அச்சுகளை மாற்றினால், வேறு மாறிகளில் எழுதினால், இன்டெக்ஸ் மாறிவிடாதா? மாறாது. புதிய மாறிகளுக்குப் போகும்போது இரண்டாம் வகைக்கெழுவோடு முதல் வகைக்கெழுவும் ஒரு கூடுதல் உறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். மாறுநிலைப் புள்ளியில் முதல் வகைக்கெழு 0 என்பதால் அந்த உறுப்பு காணாமல் போகிறது. எஞ்சி நிற்கும் அணியில் எண்கள் மாறலாம், எத்தனை மிகை எத்தனை குறை என்பது மாறாது. இதை சில்வெஸ்டர் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர் 1852-இல் நிறுவிவிட்டார். மாறுநிலை அல்லாத புள்ளியில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே ஹெஸ்ஸியனின் குறிகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: மட்டத்தை மெல்ல உயர்த்துங்கள்

இனிதான் வடிவம் உள்ளே வருகிறது. ஏதாவது ஓர் எண்ணை மட்டமாக வைத்துக்கொண்டு, சார்பின் மதிப்பு அந்த மட்டத்துக்கு மேற்படாத புள்ளிகள் எல்லாவற்றையும் நிழலிடுங்கள். மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, நிழல் எப்படி வளர்கிறது என்று பாருங்கள்.

(க² − 1)² + ச² என்ற நம் சார்புக்கு மட்டம் 0-க்குக் கீழே இருக்கும்வரை நிழலே இல்லை. 0-ஐத் தாண்டியதும் (−1, 0), (1, 0) இரண்டையும் சுற்றி இரண்டு சின்னத் தட்டுகள் முளைக்கின்றன. 0.1, 0.3, 0.7 என்று ஏற்றிக்கொண்டே போனாலும் தட்டுகள் பெரிதாகின்றனவே தவிர எண்ணிக்கை இரண்டுதான். மட்டம் சரியாக 1-ஐத் தொடும்போது விளிம்பின் சமன்பாடு ச² = 2க² − க⁴ ஆகிறது. இதை வரைந்து பாருங்கள். படுக்கவைத்த 8 கிடைக்கும். இடப்பக்கம் −√2 வரையும் வலப்பக்கம் √2 வரையும் நீண்டு, நடுவில் (0, 0)-இல் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டு விழும் இடம்தான் சேணப் புள்ளி. மட்டம் 1-ஐத் தாண்டினால் இரண்டு தட்டும் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு உயர்த்தினாலும் ஒரே தட்டுதான்.

வடிவம் மாறியது 0, 1 ஆகிய மட்டங்களில் மட்டுமே. இரண்டும் மாறுநிலை மதிப்புகள். மோர்ஸ் கோட்பாட்டின் முதல் தேற்றம் இதுதான்: இரண்டு மட்டங்களுக்கு இடையில் மாறுநிலை மதிப்பு எதுவும் இல்லாவிட்டால் (இடைப்பட்ட பகுதி முடிவிலிக்கு ஓடிவிடாமலும் இருந்தால்) இரண்டு நிழல்களின் வடிவமும் ஒன்றே. காரணம் எளிது. இடைப்பட்ட எல்லாப் புள்ளியிலும் சரிவு இருக்கிறது. எனவே ஒவ்வொரு புள்ளியையும் மிகச் செங்குத்தான திசையில், எல்லாம் ஒரே வேகத்தில் உயரம் குறையும்படி கீழே இறக்கலாம். மேல் மட்டத்தின் நிழல் அப்படியே வழுக்கிக்கொண்டு கீழ் மட்டத்தின் நிழலில் போய்ப் பொருந்தும். இந்த வேகத்தைக் கணக்கிடச் சரிவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டியிருக்கிறது. சரிவு 0 ஆகும் இடத்தில் அந்த வகுத்தல் முடியாது. மாறுநிலைப் புள்ளியில் மட்டும் இந்த வழி அடைபடுவது அதனால்தான்.

மாறுநிலை மதிப்பைத் தாண்டும்போது என்ன நடக்கும் என்பதை இன்டெக்ஸ் சொல்லிவிடும். சிதையாத மாறுநிலைப் புள்ளிக்கு அருகில் மாறிகளைத் தக்கபடி தேர்ந்தெடுத்தால், சார்பை வெறும் வர்க்கங்களின் கூட்டல் கழித்தலாகவே எழுதலாம். கழித்தல் குறியோடு வரும் வர்க்கங்களின் எண்ணிக்கைதான் இன்டெக்ஸ். மோர்ஸ் துணைத்தேற்றம் என்று இதைச் சொல்வார்கள். எனவே பரப்பில் நடக்கக்கூடியவை மூன்றே. இன்டெக்ஸ் 0 என்றால் ஒரு புதிய தட்டு முளைக்கிறது. இன்டெக்ஸ் 1 என்றால் ஒரு பட்டை ஒட்டப்படுகிறது. அது இரண்டு துண்டுகளை இணைக்கலாம், அல்லது ஒரே துண்டின் இரண்டு இடங்களை இணைத்து வளையத்தை உண்டாக்கலாம். இன்டெக்ஸ் 2 என்றால் திறந்திருக்கும் ஒரு விளிம்பு மூடப்படுகிறது.

நான்காம் படி: டோரஸை நிமிர்த்தி வையுங்கள்

இப்போது வளைந்த பரப்புக்குப் போவோம். மெதுவடையை ஓட்டை நம்மைப் பார்க்கும்படி தட்டில் நிமிர்த்தி வைத்தால் அதன் மேல்தோல்தான் டோரஸ். ஒவ்வொரு புள்ளியின் உயரம்தான் சார்பு. மையத்தில் உயரம் 0 என்று கொண்டு, பெரிய ஆரம் 3, சின்ன ஆரம் 1 என்று எடுத்தால், அ, ஆ என்ற இரண்டு கோணங்களில் உயரம் இப்படி வரும்:

(3 + கொசைன் ஆ) × கொசைன் அ

அ-வைப் பொறுத்து வகையிட்டால் −(3 + கொசைன் ஆ) × சைன் அ. அடைப்புக்குள் இருப்பது ஒருபோதும் 0 ஆகாது, குறைந்தது 2 இருக்கும். எனவே சைன் அ = 0, அதாவது அ = 0° அல்லது 180°. ஆ-வைப் பொறுத்து வகையிட்டால் −சைன் ஆ × கொசைன் அ. கொசைன் அ இப்போது 1 அல்லது −1 என்பதால் சைன் ஆ = 0 ஆக வேண்டும். ஆக நான்கு புள்ளிகள். ஹெஸ்ஸியனில் கலப்பு உறுப்பு சைன் அ × சைன் ஆ. நான்கு இடத்திலும் 0. மூலைவிட்ட உறுப்புகளை மட்டும் பார்த்தால் போதும்.

அ = 180°, ஆ = 0°: உயரம் −4; உறுப்புகள் 4, 1; இன்டெக்ஸ் 0.
அ = 180°, ஆ = 180°: உயரம் −2; உறுப்புகள் 2, −1; இன்டெக்ஸ் 1.
அ = 0°, ஆ = 180°: உயரம் 2; உறுப்புகள் −2, 1; இன்டெக்ஸ் 1.
அ = 0°, ஆ = 0°: உயரம் 4; உறுப்புகள் −4, −1; இன்டெக்ஸ் 2.

மட்டத்தை −4-இலிருந்து உயர்த்துங்கள். முதலில் ஒரு கிண்ணம் கிடைக்கும், அதாவது ஒரு தட்டு. −2-ஐத் தாண்டும்போது, ஓட்டையின் அடிவிளிம்பில், கிண்ணத்தின் இரண்டு பக்கங்களை ஒரு பட்டை இணைக்கிறது. இரண்டு வாய் உள்ள வளைந்த குழாய் கிடைக்கிறது. −2-க்கும் 2-க்கும் இடையில் எந்த மட்டத்தில் கிடையாக வெட்டினாலும் இரண்டு தனித்தனி வளையங்கள் தெரியும். 2-ஐத் தாண்டும்போது ஓட்டையின் மேல்விளிம்பில் இன்னொரு பட்டை ஒட்டி அந்த இரண்டு வாயையும் ஒரே வாயாக்குகிறது. இப்போது நம்மிடம் இருப்பது உச்சியில் ஒரு தட்டு மட்டும் குறைந்த டோரஸ். 4-இல் அந்த மூடியும் வந்துவிடுகிறது.

இந்த ஓர் எடுத்துக்காட்டை நிதானமாக, நான்கு படம் வரைந்து முடித்துவிட்டால் மோர்ஸ் கோட்பாட்டின் உயிர்நாடி கைவசம். அவசரப்பட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம்.

ஐந்தாம் படி: கூட்டிக் கழித்துச் சரிபாருங்கள்

இன்டெக்ஸ் 0 உள்ளவற்றின் எண்ணிக்கையிலிருந்து இன்டெக்ஸ் 1 உள்ளவற்றைக் கழித்து, இன்டெக்ஸ் 2 உள்ளவற்றைக் கூட்டுங்கள். டோரஸுக்கு 1 − 2 + 1 = 0. இந்த விடை நீங்கள் எடுத்த சார்பைச் சார்ந்ததே அல்ல. சிதைந்த புள்ளி இல்லாத எந்தச் சார்பை எடுத்தாலும் டோரஸில் 0-தான் வரும். பரப்பின் ஆய்லர் எண் என்பது இதுவே. பன்முகத் திண்மங்களில் உச்சி − விளிம்பு + முகம் = 2 என்று படித்தோமே, அது கோளத்துக்கான ஆய்லர் எண்.

கோளத்துக்குப் பார்ப்போம். உயரத்தை எடுத்தால் அடியில் ஒரு சிறுமம், உச்சியில் ஒரு பெருமம்: 1 − 0 + 1 = 2. வேறு சார்பு வேண்டுமா? க² + ச² + ட² = 1 என்ற கோளத்தின் மேல் க² + 2ச² + 3ட² என்ற சார்பை எடுங்கள். (1, 0, 0)-க்கு அருகில் க²-க்குப் பதில் 1 − ச² − ட² என்று போட்டால் சார்பு 1 + ச² + 2ட² ஆகிறது, சிறுமம். (0, 1, 0)-க்கு அருகில் ச²-ஐ அதே மாதிரி மாற்றினால் 2 − க² + ட²; சேணம். (0, 0, 1)-க்கு அருகில் 3 − 2க² − ச², பெருமம். வகையிடவே இல்லை, மோர்ஸ் துணைத்தேற்றம் சொன்ன வடிவம் தானாக வந்து நிற்கிறது. எதிர்ப்பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்தால் மொத்தம் ஆறு: 2 − 2 + 2 = 2.

இந்தக் கணக்கின் வரலாறு மோர்ஸுக்கும் முந்தியது. ஆர்தர் கேலி 1859-இல் சம உயரக் கோடுகளையும் சரிவுக் கோடுகளையும் பற்றி எழுதினார். மின்காந்தவியலுக்காக நாம் அறிந்த மேக்ஸ்வெல், 1870-இல் மலை, பள்ளம், கணவாய் ஆகியவற்றின் எண்ணிக்கைகளுக்கு இடையே உள்ள உறவை எழுதினார். கடல் சூழ்ந்த ஒரு தீவை எடுத்துக்கொண்டால் சிகரங்கள் − கணவாய்கள் + பள்ளங்கள் = 1. நீர் வெளியேற வழியில்லாத பள்ளம் எதுவும் இல்லாத தீவில் ஐந்து சிகரங்கள் இருந்தால் கணவாய்கள் நான்கு இருந்தே தீரும். நிலவரைபடம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஏதாவது ஒரு சின்னத் தீவின் சம உயரக் கோடுகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். 8 போல வெட்டிக்கொள்ளும் கோடு எங்கே வரும் என்று தேடினால் கணவாய் கிடைத்துவிடும்.

ஆய்லர் எண் சமன்பாடு என்றால், மோர்ஸ் அதற்கும் மேலே போய்ச் சமனிலிகளைத் தந்தார். டோரஸில் ஒன்றுக்கொன்று சாராத வளையங்கள் இரண்டு உண்டு. ஒன்று ஓட்டையைச் சுற்றிப் போவது, மற்றது குழாயைச் சுற்றிப் போவது. ஒவ்வொரு வளையத்துக்கும் குறைந்தது ஒரு சேணமாவது தேவை. எனவே டோரஸில் சிதைந்த புள்ளி இல்லாத எந்தச் சார்புக்கும் மாறுநிலைப் புள்ளிகள் நான்குக்குக் குறையவே முடியாது. இரண்டு ஓட்டை உள்ள பரப்பில் ஆறு, மூன்று ஓட்டை என்றால் எட்டு. பரப்பின் வடிவமே ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த உண்மை இது. சார்பை நாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதற்குக் கீழே மட்டும் போக முடியாது.

சிதைந்த புள்ளி வந்தால்

அணிக்கோவை 0 என்று வந்தால் இரண்டாம் வகைக்கெழு கைவிட்டுவிட்டது என்று பொருள். க² + ச⁴, க² − ச⁴, க² + ச³ மூன்றுக்கும் (0, 0)-இல் ஹெஸ்ஸியன் ஒன்றே. ஆனால் முதலாவது சிறுமம், இரண்டாவது சேணம் போன்றது, மூன்றாவதில் ச திசையில் ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம். இப்படி வந்தால் உறுப்புகளை நேரடியாக ஆராய வேண்டும், குறுக்குவழி இல்லை.

பெயர்பெற்ற ஒன்று குரங்குச் சேணம்: க³ − 3கச². (0, 0)-இல் ஹெஸ்ஸியன் முழுவதும் 0. சுற்றி வந்தால் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் மாறி மாறி வரும். குரங்கு உட்கார்ந்தால் இரண்டு காலுக்கும் வாலுக்கும் இடம் வேண்டுமல்லவா, அதனால் இந்தப் பெயர். இதோடு −3க என்ற உறுப்பைச் சேர்த்துப் பாருங்கள். பகுதி வகைக்கெழுக்கள் 3க² − 3ச² − 3, −6கச ஆகின்றன. க = 0 என்றால் முதலாவது 0 ஆக வழியில்லை. எனவே ச = 0, க = ±1. இரண்டு புள்ளியிலும் அணிக்கோவை −36. ஒரு குரங்குச் சேணம் பிரிந்து இரண்டு சாதாரணச் சேணங்கள் ஆகிவிட்டது. சேர்க்கும் உறுப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இப்படித்தான் பிரியும், புள்ளிகள் இன்னும் நெருக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

இது டோரஸிலேயே நடப்பதைப் பார்க்கலாம். அ, ஆ இரண்டும் 0°-இலிருந்து 180° வரை ஓடி, 180°-க்கு வந்ததும் மறுபடி 0°-க்கே திரும்புவதாக வைத்து, சைன் அ × சைன் ஆ × சைன் (அ + ஆ) என்ற சார்பை எடுங்கள். இதற்கு டோரஸில் மாறுநிலைப் புள்ளிகள் மூன்றே: ஒரு பெருமம், ஒரு சிறுமம், (0°, 0°)-இல் ஒரு குரங்குச் சேணம். நான்குக்குக் குறையாது என்ற விதி உடையவில்லை, ஏனென்றால் அந்த மூன்றாவது புள்ளி சிதைந்தது. மெல்ல அசைத்தால் அது இரண்டு சேணமாகப் பிரிந்து, கணக்கு நான்காகிவிடும். சிதைந்த புள்ளிகளை அனுமதித்தாலும் டோரஸில் மூன்றுக்குக் கீழே போக முடியாது என்பது சோவியத் கணிதவியலாளர்கள் லூஸ்டெர்னிக், ஷ்னிரெல்மன் இருவரின் கோட்பாட்டிலிருந்து கிடைக்கிறது.

வடையைப் படுக்கவைத்தால் இன்னொரு வகைச் சிதைவு வரும். அப்போது உயரம் ஒரு புள்ளியில் மட்டும் நிற்பதில்லை, அடியில் ஒரு வட்டம் முழுவதும் சிறுமம், மேலே ஒரு வட்டம் முழுவதும் பெருமம். கொஞ்சம் சாய்த்துவிட்டால் ஒவ்வொரு வட்டமும் இரண்டு புள்ளிகளாகி, மறுபடி அதே நான்கு. சிதைவைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதற்கு ஓர் உறுதியான அடிப்படை உண்டு. முப்பரிமாண வெளியில் வைத்த எந்த வழுவழுப்பான பரப்புக்கும், ஏறக்குறைய எந்தத் திசையிலிருந்து உயரத்தை அளந்தாலும் சிதைந்த புள்ளி வராது. மாறுநிலை மதிப்புகள் மிக அரிதானவை என்று சொல்லும், 1942-இல் வந்த சார்டின் தேற்றம் இதற்கு ஆதாரம்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்

பரப்பு முடிவிலி வரை நீண்டால் எச்சரிக்கை தேவை. க³ − 3க + ச² என்ற சார்புக்குத் தளத்தில் (1, 0)-இல் சிறுமம், (−1, 0)-இல் சேணம். 1 − 1 = 0. ஆனால் தளத்தின் ஆய்லர் எண் 1. என்ன ஆயிற்று? மட்டத்தை எவ்வளவு தாழ்த்தினாலும் இடப்பக்கம் வெகுதூரத்தில் நிழல் இருந்துகொண்டே இருக்கிறது. வெறுமையிலிருந்து நாம் தொடங்கவே இல்லை. ஏற்கெனவே இருந்த அந்தத் துண்டுக்கு 1 சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். மூடிய பரப்பில் (கோளம், டோரஸ் போல விளிம்பில்லாமல் எல்லைக்குள் அடங்குவதில்), அல்லது எந்த மட்டத்திலும் நிழல் எல்லைக்குள் அடங்கும் சார்பில், இந்தத் தொல்லை இல்லை.

விளிம்பு உள்ள பரப்பிலும் கவனம் வேண்டும். பெருமம் விளிம்பில் வந்தால் அங்கே வகைக்கெழு 0 ஆக வேண்டிய அவசியமில்லை.

க³ − 3க + ச² என்ற அந்தச் சார்பில் 3க-வில் உள்ள 3-ஐ மெல்லக் குறைத்துக்கொண்டே போனால் சிறுமமும் சேணமும் ஒன்றையொன்று நெருங்கும். க³ + ச² ஆகும்போது இரண்டும் ஒட்டி ஒரு சிதைந்த புள்ளியாகும். க³ + 3க + ச²-க்கு வந்துவிட்டால் மாறுநிலைப் புள்ளியே கிடையாது. அடுத்தடுத்த இன்டெக்ஸ் உள்ள இரண்டு புள்ளிகள் இப்படி ஜோடியாகத் தோன்றவும் மறையவும் முடியும். ஒன்று கூட்டலிலும் மற்றது கழித்தலிலும் வருவதால் மொத்தக் கணக்கு அசையாது. இதை ஜியோஜீப்ரா போன்ற செயலியில் சம உயரக் கோடுகளாக வரைந்து, கெழுவை நகர்த்திப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

இங்கிருந்து எங்கே போகலாம்

ஜோடியாகக் கழிப்பது விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் மிகப் பெரிய வேலைகளைச் செய்திருக்கிறது. மூடிய பரப்பு ஒன்றில், எந்தப் பரிமாணமானாலும், சிதையாத மாறுநிலைப் புள்ளிகள் இரண்டே உள்ள சார்பு இருந்தால் அது இடவியல்படி கோளம்தான் என்று ழார்ஜ் ரீப் 1946-இல் காட்டினார். 1956-இல் ஜான் மில்னர் ஒரு 7 பரிமாண வெளியை எடுத்து, அதில் இரண்டே மாறுநிலைப் புள்ளிகள் உள்ள சார்பைக் கட்டிக் காட்டினார். எனவே அது கோளம். ஆனால் வகையிடல் என்ற கண்ணோட்டத்தில் அது வழக்கமான 7 பரிமாணக் கோளத்தோடு பொருந்தவே பொருந்தாது என்றும் நிறுவினார். அப்படிப்பட்ட கோளங்கள் திசையமைப்பையும் (வலக்கை, இடக்கை போன்ற வேறுபாட்டையும்) கணக்கில் கொண்டால் வழக்கமானதோடு சேர்த்து 28 என்று 1963-இல் அவரும் மிஷெல் கெர்வேர் என்ற கணிதவியலாளரும் எழுதினார்கள். ஸ்டீபன் ஸ்மேல், தேவையற்ற புள்ளிகளை ஜோடி ஜோடியாகக் கழிக்கும் உத்தியை வளர்த்தெடுத்து, 5-உம் அதற்கு மேலும் உள்ள பரிமாணங்களில் புவான்கரே ஊகத்தை (ஓட்டைகளைப் பொறுத்தவரை கோளத்தைப் போலவே இருக்கும் மூடிய வெளி இடவியல்படி கோளமேதான் என்பதை) 1961-இல் நிறுவினார். 1966-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்.

அங்கே போவதற்குள் செய்துபார்க்க மூன்று கணக்குகள் தருகிறேன். ஒன்று: இரண்டு ஓட்டை உள்ள பரப்பை நிமிர்த்தி வைத்து, ஆறு மாறுநிலைப் புள்ளிகளையும் குறித்து, ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை வளையங்கள் தெரிகின்றன என்று எழுதுங்கள். இரண்டு: (க² − 1)² + (ச² − 1)² என்ற சார்புக்கு ஒன்பது புள்ளிகள் வரும். நான்கு சிறுமம், நான்கு சேணம், ஒரு பெருமம் என்று சரிபார்த்து, மட்டம் 1-ஐத் தாண்டியதும் நிழலில் உண்டாகும் வளையம் எந்த மட்டத்தில் மூடுகிறது என்று சொல்லுங்கள். மூன்று, கொஞ்சம் சவாலானது: கோளத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு நேர் எதிரே உள்ள புள்ளியோடு ஒன்றாக்கினால் புதிய பரப்பு ஒன்று கிடைக்கும். க² + 2ச² + 3ட² எதிர்ப்புள்ளியிலும் அதே மதிப்பைத் தருவதால் அந்தப் பரப்பின் மேலும் சார்பாக நிற்கிறது; ஆறு புள்ளிகள் மூன்றாகின்றன, 1 − 1 + 1 = 1. இந்தப் பரப்பில் மட்டம் 2-ஐத் தாண்டும்போது தட்டோடு ஒட்டும் பட்டை நேராக ஒட்டுகிறதா, ஒரு முறை முறுக்கி ஒட்டுகிறதா என்று காகிதத்தை வெட்டி ஒட்டிப் பாருங்கள்.